டெல் வைக்கிங்ஸ்: ஐந்து குரல்கள், இரண்டு ஒப்பந்தங்கள்

அவையோருக்கு வணக்கம்.

டூ-வாப் என்றால் பல குரல்கள் சேர்ந்து, பொருளில்லாத அசைகளைப் பின்னணியாக வைத்துப் பாடும் அமெரிக்கப் பாட்டு வகை. அதைச் சொன்னதும் நியூயார்க் தெருமுனைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் இன்று பேசவிருக்கும் டெல் வைக்கிங்ஸ் குழு உருவானது பிட்ஸ்பர்க் விமானப்படைத் தளத்தில். அதற்குத் தெளிவான காரணம் உண்டு. 1948-இல் அதிபர் ட்ரூமன் பிறப்பித்த 9981-ஆம் ஆணை, அமெரிக்கப் படைகளில் நிறப்பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவர வழி திறந்தது. 1950-களின் நடுவில் ஊருக்குள் கறுப்பரும் வெள்ளையரும் பெரும்பாலும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்தபோது, படைத்தளத்தில் ஒரே குடியிருப்பில் தங்கி ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டார்கள். அதனால்தான் ஒன்றாகப் பாடவும் முடிந்தது. எந்த ரெக்கார்டு கம்பெனியும் திட்டம் போட்டு உருவாக்கிய கலப்புக் குழு அல்ல இது.

முதலில் ஐவரும் கறுப்பினத்தவர்களே. கிளாரன்ஸ் குவிக் பேஸ், அதாவது அடிக்குரல், பாடினார். கிரிப் ஜான்சன், டான் ஜாக்சன், சாமுவேல் பேட்டர்சன், பெர்னார்ட் ராபர்ட்சன் மற்றவர்கள். பேட்டர்சனுக்கும் ராபர்ட்சனுக்கும் ஜெர்மனிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அந்த இடங்களுக்கு நார்மன் ரைட்டும், வெள்ளையரான டேவிட் லெர்ச்சியும் வந்தார்கள். பிறகு டான் ஜாக்சனின் இடத்தில் கஸ் பேக்கஸ் சேர்ந்தார், அவரும் வெள்ளையர்.

இத்தனை பேர் மாறியும் குழு எப்படிக் குலையாமல் பாடியது? விடை டூ-வாப்பின் கட்டமைப்பில் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கார்டு என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு. இந்த வகைப் பாடல்களில் மிகப் பரவலான கார்டு வரிசை சி, ஏ மைனர், எஃப், ஜி. சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் பாடகர் ஒவ்வொரு கார்டின் அடி ஸ்வரத்தையும் பிடிக்கிறார். லீட் பாடகர் மேலே மெட்டைப் பாடுகிறார். நடுவில் மூன்று பேர். முதல் கார்டில் அவர்கள் ச, க, ப. இரண்டாவதில் ச, க, த: ஒரே ஒருவர்தான் நகர்கிறார், பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு. மூன்றாவதில் ச, ம, த: இப்போதும் ஒருவர் மட்டுமே, காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு. நான்காவதில் நி, ரி, ப: மூன்று பேரும் ஒரே நேரத்தில் கீழே இறங்க வேண்டும். புதுக் குழுக்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான். இறங்கும்போது நிஷாதம் சற்றுத் தாழ்ந்தால் அடுத்து ஷட்ஜத்துக்குத் திரும்புவதும் தாழ்ந்தே நிற்கும். வாத்தியம் இல்லாத ஒத்திகையில் சுருதியைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாததால், நாலைந்து சுற்றில் பாட்டு முழுவதுமே கீழே போய்விடும். ஆகவே ஒத்திகையில் இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவது, நான்காவது, முதல் கார்டுகளை மட்டும் திரும்பத் திரும்பப் பாட வேண்டும்.

புதிதாக வருபவர் தன்னுடைய நான்கு ஸ்வரங்களைக் கற்றுக்கொண்டால் உள்ளே நுழைந்துவிடலாம். மாற்றல் உத்தரவு எப்போது வருமென்று தெரியாத படைவீரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இசை அமைந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

பொருளில்லாத அசைகளுக்கும் வேலை உண்டு. ட, ப போன்ற எழுத்துகள் டிரம் இல்லாத இடத்தில் தட்டு கொடுக்கின்றன. 'ம்' ஒலியை மூடி, அடுத்த தட்டுக்கு இடம் விடுகிறது. குவிக் எழுதிய 'கம் கோ வித் மீ' பாட்டின் தொடக்கத்தில் வரும் 'டொம் டொம்' அடுக்கைக் கேட்டால் இது உடனே விளங்கும்.

அந்தப் பாட்டின் வரலாறு வேகமானது. முதலில் வானொலி அறிவிப்பாளர் பாரி கே வீட்டின் நிலவறையில் வாத்தியமில்லாமல் பதிவு செய்தார்கள். பிறகு பிட்ஸ்பர்கின் ஜோ அவர்பாக் தம் ஃபீ பீ லேபிளுக்காக (ரெக்கார்டு கம்பெனிக்காக) வாத்தியங்களோடு பதிவு செய்தார். லீட் பாடியவர் நார்மன் ரைட். தேவை பெருகியதும் டாட் கம்பெனி அதை எடுத்து நாடெங்கும் விற்றது. 1957-இல் அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் பாப் பாட்டுப் பட்டியலில் 4-ஆம் இடம். அதே ஆண்டு ஜூலை 6 அன்று லிவர்பூலின் வூல்டன் தேவாலய விழாவில், சொற்கள் சரியாகத் தெரியாமல் தானே இட்டுக்கட்டி இதைப் பாடிய ஜான் லெனனைத்தான் பால் மெக்கார்ட்னி முதன்முதலாகப் பார்த்தார். பின்னாளில் பீட்டில்ஸ் குழுவில் சேர்ந்து பாடியவர்கள் இவர்கள்.

இனி உடைந்த கதை. மாற்றல்களைத் தாங்கிய குழுவை ஒப்பந்தம் உடைத்தது. பெரிய கம்பெனியான மெர்க்குரி அழைத்தபோது, ஃபீ பீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளில் பையன்கள் சட்டப்படி மேஜர் ஆகவில்லை என்று குழுவின் மேலாளர் வாதாடினார். அப்போது மேஜர் வயது 21. சிறார் இட்ட ஒப்பந்தத்தை அவர்களே விலக்கிக்கொள்ளலாம். ஆனால் கிரிப் ஜான்சனுக்கு மட்டும் 21 நிரம்பியிருந்தது. அவர் பழைய லேபிளில் மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் மெர்க்குரிக்குப் போனார்கள்.

ஜான்சன் டான் ஜாக்சனை மீண்டும் சேர்த்து வேறொரு குழு கட்டினார். அதில் இருந்த சக் ஜாக்சன் பின்னாளில் சோல் என்னும் கறுப்பின இசை வகையின் பாடகராகப் பெயர் பெற்றார். பெயரோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. எழுத்துக்கூட்டலில்தான் சிறு மாற்றம். 1957 கோடையில் டாட் வெளியிட்ட, ஜான்சன் பாடிய 'விஸ்பரிங் பெல்ஸ்' 9-ஆம் இடத்தையும், மெர்க்குரியின் 'கூல் ஷேக்' 12-ஆம் இடத்தையும் தொட்டன. ரெக்கார்டு வாங்குபவருக்கும் வானொலிக்காரருக்கும் எது எவருடைய குழு என்றே புரியவில்லை. பெயர் யாருக்கு என்பது கம்பெனிகளுக்கிடையே வழக்காயிற்று. 1958-இல் ஜான்சன் பழைய நண்பர்களிடம் திரும்பி வந்தபோது ரசிகர் கூட்டம் வேறு பாட்டுகளுக்குப் போயிருந்தது. அந்த உயரத்தை அவர்கள் மறுபடி எட்டவே இல்லை. ஒரு நல்ல குழுவுக்கு அதன் சிறந்த ஆண்டிலேயே இப்படி நேர்ந்தது எனக்கு இன்றும் ஆற்றாமையாகவே இருக்கிறது. கஸ் பேக்கஸ் மட்டும் ஜெர்மனிக்குப் போய், ஜெர்மன் மொழியிலேயே பாடி 1960-களின் தொடக்கத்தில் அங்கே நட்சத்திரமானார்.

இவர்களைக் கேட்க விரும்புவோர் ஒன்றைக் கவனியுங்கள். பாரி கே எடுத்த பதிவுகளில் சில, பின்னால் வாத்தியம் சேர்க்கப்பட்டு வேறு லேபிளில் ஆல்பமாக வந்தன. முடிந்தால் வாத்தியம் சேராத பதிவைத் தேடுங்கள். முதல் முறை குவிக்கின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை நடுக் குரல்கள் மூன்றும் நகரும் இடங்களை விரலால் எண்ணுங்கள். லீட் பாடகரிடம் மூன்றாம் முறை போனால் போதும்.