வெளியே அனுப்பியவரிடமே ஓட்டுக் கேட்கும் ஆட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

ரியாலிட்டி ஷோவைப் பற்றி மேடை போட்டுப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். ராத்திரி எபிசோடைப் பார்த்துவிட்டு, காலையில் எழுந்ததும் "அவங்க பண்றது அப்பட்டமான குரூப்பிசம்" என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள்தான் நாம். அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாமே.

கூட்டணி சேர்வதும் முதுகில் குத்துவதும் ஆளின் குணத்தைப் பொறுத்தது என்று நினைக்கிறோம். என் கட்சி வேறு. குணத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரும் பங்கு ஆட்டத்தின் விதிக்குத்தான். ஒரே கேள்வி கேளுங்கள்: ஓட்டு யார் கையில்? அதற்குப் பதில் தெரிந்தால், உள்ளே இருக்கிறவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பாதி சொல்லிவிடலாம்.

போட்டியாளர்களை ஒரு தீவில் விட்டு, அவர்களே ஓட்டுப் போட்டு ஒவ்வொருவராக வெளியேற்றும் சர்வைவர் ஆட்டத்தை முதலில் தயாரித்தது சுவீடன், 1997-இல். ஆனால் கூட்டணி என்ற விஷயத்தை ஊரெல்லாம் பேச வைத்தது 2000-இல் வந்த அமெரிக்கப் பதிப்பின் முதல் சீசன். மலேசியாவில் புலாவ் திகா என்ற தீவு. 16 பேர், 39 நாள், பரிசு பத்து லட்சம் டாலர். அணிக்கு எட்டுப் பேராக இரண்டு அணிகள். பத்துப் பேர் மிஞ்சியபோது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

அந்தப் பத்துப் பேரில் ரிச்சர்ட் ஹாட்ச் என்பவர் ரூடி, சூ, கெல்லி என்ற மூவரோடு சேர்ந்து ஒரு நால்வர் அணி வைத்திருந்தார். மற்றவர்களில் பலருக்குக் கூட்டணி என்றாலே ஆகாது. அவரவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டார்கள். என்ன ஆயிற்று? நாலு ஓட்டு ஒரே பெயருக்கு விழுந்தது, மீதி ஆறும் சிதறிப்போயின. எதிர்அணியின் தூணாக இருந்த கிரெட்சென் அன்றைக்கே அவுட். பத்தில் நாலு என்பது பெரும்பான்மை இல்லைதான். எதிரில் இருக்கிறவர்கள் உதிரியாக நின்றால் அதுவே தாராளம்.

அதே சீசனில் ஷான் என்று ஒரு டாக்டர். யார் மனதும் புண்படக் கூடாது என்று பெயர்களின் அகர வரிசைப்படி ஓட்டுப் போட ஆரம்பித்தார். பாவம், நல்ல மனிதர். ஆனால் யாருக்கு விழும் என்று முன்கூட்டியே தெரிந்த ஓட்டு, எதிராளிக்கு இலவசமாகக் கிடைத்த ஓட்டு. நால்வர் அணி அந்த வரிசையை வைத்தே தன் கணக்கைப் போட்டுக்கொண்டது.

கடைசி மூன்று பேர்: ஹாட்ச், கெல்லி, ரூடி. ஒரு சிலை மேல் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், கடைசி வரை எடுக்காதவரை வெளியேற்ற முடியாது, மீதி இருவரில் யாரை அனுப்புவது என்பதும் அவர் கையில். ஹாட்ச் என்ன செய்தார் தெரியுமா? அவராகவே கையை எடுத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்தால் ரூடியை அவரே வெளியேற்ற வேண்டி வரும், பட்டம் யாருக்கு என்று பிறகு ஓட்டுப் போடப்போகிற ரூடியின் ஓட்டுப் போய்விடும். ரூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறுதிக்குப் போனாலோ தோல்வி நிச்சயம், ரூடிக்கு அவ்வளவு நல்ல பெயர். கெல்லி ஜெயித்தால், அவரும் ரூடியைப் பார்த்துப் பயந்து ஹாட்சைத்தான் கூட்டிப் போவார். பழி கெல்லிக்கு, ஓட்டு ஹாட்சுக்கு. அப்படியே நடந்தது. தோற்பதற்கு இவ்வளவு கணக்கா என்று முதல் தடவை பார்த்தபோது அசந்துபோனேன்.

இப்போது விதிக்கு வருவோம். சர்வைவரில் வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பது யார்? வெளியே அனுப்பப்பட்டவர்களே. அந்த முதல் சீசனில் ஜூரியாக உட்கார்ந்தவர்கள் ஏழு பேர். நீங்கள் கழுத்தறுத்த ஆளின் முன்னால் போய் நின்று, "எனக்குப் போடுங்கள்" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு விதிதான் அந்த ஆட்டத்தின் உயிர். இது இல்லையென்றால் எல்லோரையும் மிதித்துக்கொண்டு மேலே போகிறவன்தான் ஜெயிப்பான். இது இருப்பதால், யாரை அனுப்பினோம் என்பதைவிட எப்படி அனுப்பினோம் என்பது பெரிதாகிவிடுகிறது.

ரஸ்ஸல் ஹான்ட்ஸ் இதற்குச் சரியான சாட்சி. 2009-இல் சமோவா சீசனில் வெளியேற்றத்திலிருந்து காக்கும், ஒளித்து வைத்த ஐடல்களைத் துப்புக் கிடைப்பதற்கு முன்பே தேடி எடுத்தார், தூக்க நினைத்தவர்களைத் தூக்கினார், இறுதிக்கும் வந்தார். ஜூரி ஓட்டு ஒன்பதில் அவருக்கு இரண்டு, நடாலி ஒயிட்டுக்கு ஏழு. அடுத்த சீசனில் மறுபடி இறுதிக்கு வந்தார். இந்த முறை பூஜ்யம். ஜெயித்தவர் சாண்ட்ரா டயஸ்-ட்வைன், அது அவருக்கு இரண்டாவது பட்டம். சாண்ட்ரா ஓடி ஜெயிக்கிறவர் இல்லை, புதிரில் புலியும் இல்லை. அவருடைய கொள்கை எளிமையானது: இன்றைக்கு என்னைத் தவிர யார் போனாலும் சரி. கேட்டால் சோம்பேறித்தனம் போல இருக்கும். ஆனால் யாருடைய வெளியேற்றத்திலும் முதல் கை அவருடையதாகத் தெரியாது பாருங்கள், ஜூரிக்கு அவர் மேல் கோபப்பட ஒன்றும் இருக்காது.

ராப் மரியானோவின் கதை இன்னும் சுவாரசியம். 2004 ஆல்-ஸ்டார்ஸ் சீசனில் அவருக்கும் ஆம்பருக்கும் காதல். ஆம்பர் எதிர்அணியில் மாட்டிக்கொண்டபோது, அங்கிருந்த நண்பர் லெக்ஸிடம் "அவளைப் பார்த்துக்கொள், உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற மாதிரி வாக்குக் கொடுத்தார் ராப். லெக்ஸ் நம்பி ஆம்பரைக் காப்பாற்றினார். அணிகள் சேர்ந்ததும் ராப் செய்த முதல் வேலை, லெக்ஸை அனுப்பியது. ஜூரி 4-3 என்று ஆம்பருக்குப் பட்டத்தைக் கொடுத்தது. அதில் லெக்ஸின் ஓட்டும் ஒன்று. (மறு வருஷம் இருவருக்கும் கல்யாணம் ஆனதால் பணம் வீட்டுக்குத்தான் வந்தது, அது வேறு விஷயம்.) அதே ராப் 2011-இல் திரும்ப வந்தார். தன் ஆட்களில் ஒருவரையும் எதிர்அணியோடு தனியாகப் பேச விடாமல் ஜோடி ஜோடியாகவே திரிய வைத்தார். இந்த முறை ஜூரியில் ஒன்பதுக்கு எட்டு.

சரி, கூட்டணி எங்கே உடைகிறது? துரோகத்தால் என்பீர்கள். நான் பார்த்தவரை, உள்ளே இருக்கிற வரிசை வெளியே தெரிந்துவிடும்போதுதான் உடைகிறது. ஒவ்வொரு கூட்டணியிலும் முதல் ஆள், இரண்டாம் ஆள், கடைசி ஆள் உண்டு. கடைசி ஆளுக்குத் தான் கடைசி என்று தெரியாதவரை எல்லாம் சுமுகம்.

2002 மார்க்கேசஸ் சீசனில் இது கண்ணெதிரே நடந்தது. ஒன்பது பேர் இருக்கிறார்கள். நாலு பேர் தலைமைக் கும்பல். நெலே, பாஸ்கல் என்ற இருவர் அவர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பேர் வெளியாட்கள். அன்றைய போட்டியில் கேள்விக்குச் சரியான பதில் சொன்னவர் இன்னொருவருடைய கயிற்றை வெட்டலாம், போதுமான வெட்டு விழுந்தவர் ஆட்டத்திலிருந்து அவுட். கும்பல் முதலில் வெளியாட்கள் மூவரையும் வெட்டியது. அடுத்து யாரை? கொஞ்சம்கூட யோசிக்காமல் நெலேயையும் பாஸ்கலையும் வெட்டியது. அதற்கப்புறம்தான் தங்களுக்குள். வெறும் விளையாட்டுதானே என்று சிரித்துக்கொண்டே வெட்டினார்கள். நெலேயும் பாஸ்கலும் சிரிக்கவில்லை. தங்கள் இடம் ஐந்து, ஆறு என்று அந்தக் கயிற்றில் எழுதியே காட்டிவிட்டார்களே! இரண்டும் மூன்றும் ஐந்து, ஒன்பதில் ஐந்து பெரும்பான்மை. அன்று மாலையே கும்பலின் தலைவர் ஜான் வெளியே. அடுத்தடுத்து மற்ற மூவரும். பட்டம், அந்த மூன்று வெளியாட்களில் ஒருவரான வெசீபியாவுக்கு.

சரி, அந்தத் தீவிலிருந்து பிக் பாஸ் வீட்டுக்கு வருவோம். இங்கே நாமினேஷன், அதாவது வெளியேற்றப் பட்டியலுக்குப் பெயர் சொல்வது மட்டும்தான் உள்ளே இருப்பவர்கள் கையில். காப்பாற்றுவதும் பட்டம் கொடுப்பதும் பார்வையாளர். கேமரா வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற ஜூரி! சர்வைவரில் ஜூரிக்குத் தெரியாமல் ஆயிரம் செய்யலாம். இங்கே மாற்றிப் பேசினால் வார இறுதியில் அந்தக் காட்சிகளையே குறும்படமாகப் போட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள். ஆகவே இங்கே கூட்டணி சேர்வது உள்ளுக்குள் லாபம், வெளியே நஷ்டம். ஒருவரை எல்லோருமாகச் சேர்ந்து ஓரங்கட்டினால் நாமினேஷனில் அவர் பெயர் வரும், அதே நேரம் வெளியே அவருக்கு ஓட்டுக் குவியும். 2017-இல் முதல் சீசனில் ஓவியாவுக்கு நடந்தது அதுதான். வீட்டுக்குள் தனியாக விடப்பட விடப்பட வெளியே ரசிகர் கூட்டம் பெருகியது. அவராக வெளியேறும்வரை அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. ஏழாவது சீசனில் நடுவில் வைல்டு கார்டாக வந்த அர்ச்சனா பட்டத்தோடு போனதிலும் இந்தக் கணக்குக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

விதிதான் காரணம் என்பதற்கு, பிக் பாஸின் மூல நிகழ்ச்சியான பிக் பிரதரின் அமெரிக்கப் பதிப்பைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. 2000-இல் முதல் சீசனில் வெளியேற்றும் ஓட்டு பார்வையாளரிடம் இருந்தது. அடுத்த வருஷம் அதை உள்ளே இருப்பவர்களிடமே கொடுத்தார்கள், பட்டத்தை முடிவு செய்வதையும் வெளியேறியவர்களிடம் விட்டார்கள். நிகழ்ச்சி அதேதான், ஆட்டம் தலைகீழ். வில் கர்பி என்ற டாக்டர், நான் பொய் சொல்வேன் என்று எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே, ஒரு போட்டியும் ஜெயிக்காமல் பட்டத்தை வாங்கிப் போனார். ஓட்டு மக்களிடமே இருந்த பிரிட்டிஷ் பிக் பிரதரில், 2000-இல் நிக் பேட்மேன் என்பவர் நாமினேஷனில் சொல்ல வேண்டிய பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார் என்பதற்காக வீட்டைவிட்டே அனுப்பப்பட்டார். ஒரு நாட்டில் திறமை, இன்னொரு நாட்டில் குற்றம்.

அதனால்தான் 2021-இல் அர்ஜுன் தொகுத்து வழங்கிய சர்வைவர் தமிழில், ஜான்சிபார் தீவில் காடர்கள், வேடர்கள் என்ற இரண்டு அணிகளும் திட்டம் போட்டபோது நம்மில் பலருக்கு உறுத்தியது. பிக் பாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேறொரு ஆட்டத்தைப் பார்த்தோம். அங்கே திட்டம் போடாதவர்தான் ஆட்டத்தை ஏமாற்றுகிறவர்.

பிக் பாஸிலும் கூட்டணி ஒழிந்துவிடவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே சேர்ந்தால் கெட்ட பெயர் என்பதால், வேலை இப்போது வெளியே நடக்கிறது. ஆர்மி என்ற பெயரில் ரசிகர் பக்கங்கள், ஹேஷ்டேக், ஒரு போட்டியாளரின் ஆட்கள் இன்னொருவரின் வீடியோவை வெட்டி ஒட்டிப் பரப்புவது. எவிக்‌ஷன் வாரத்தில் தன் ஆள் லிஸ்டில் இல்லையென்றால் யாருக்கு ஓட்டைத் திருப்பிவிடுவது என்று அங்கே நடக்கும் பேரத்தைப் பார்த்தால் ஹாட்சே குறிப்பெடுத்துக்கொள்வார். வீட்டுக்குள் நாமினேஷன் பற்றிப் பேசினால் பிக் பாஸ் குரல் கொடுத்துக் கண்டிக்கிறார். வெளியே பேசுகிற நம்மைக் கண்டிக்க எந்தக் குரலும் இல்லை.

என் நேரம் முடிந்தது என்று சீட்டு வந்திருக்கிறது. உங்கள் அபிமானப் போட்டியாளரை நான் குறை சொல்லியிருந்தால், கேள்வி நேரத்தில் சண்டைக்கு வாருங்கள். நன்றி.