ஒப்பிக்கச் சொல்லாத சபை

சபையில் முழு உறுப்பினராகச் சேருமுன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில், கிறிஸ்தவர் நம்புவது இன்னதென்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள், நானும் ஒப்பித்தவன்தான். நெதர்லாந்தில் ரெமான்ஸ்ட்ரன்ட் சபை என்று ஒரு புராட்டஸ்டன்ட் சபை உண்டு. அங்கே சேர வருகிறவரிடம் யாரும் ஒப்பிக்கச் சொல்வதில்லை, நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள்.

இது எப்படி வந்தது? சண்டையில் வந்தது. இன்னார் இரட்சிக்கப்படுவார், இன்னார் கெட்டுப்போவார் என்று கடவுள் முன்பே குறித்துவிட்டார் என்பது புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர் கால்வின் வழிவந்த உபதேசம். லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்மீனியஸுக்கு அது செரிக்கவில்லை. அவர் 1609-இல் இறந்துபோக, அடுத்த வருஷம் அவர் பக்கத்துப் போதகர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஐந்து அம்சங்களை எழுதி அரசிடம் மனு கொடுத்தார்கள். ரெமான்ஸ்ட்ரன்ஸ் என்றால் ஆட்சேப மனு, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. ஆனால் பாருங்கள், அதுவும் ஒரு பட்டியல்தானே! உபதேசமே வேண்டாம் என்றவர்கள் இல்லை அவர்கள், வேறு உபதேசம் கேட்டவர்கள்.

அவர்களை மாற்றியது அவர்களுக்கு விழுந்த அடி என்றுதான் நான் நினைக்கிறேன். 1618-இல் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் அவர்களை உட்கார வைத்தது சமமாகப் பேச அல்ல, குற்றவாளிகளாகப் பதில் சொல்ல. சுமார் இருநூறு போதகர்களுக்கு வேலை போயிற்று, இனிமேல் பிரசங்கிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போடாதவர்களை நாடு கடத்தினார்கள். அவர்களை ஆதரித்த 71 வயது அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையை 1619-இல் வெட்டினார்கள் (அதில் மதத்தைவிட அரசியல்தான் அதிகம், அது வேறு கதை). அவர்கள் பக்கம் நின்ற சட்ட மேதை ஹியூகோ குரோஷியஸுக்கு ஒரு கோட்டையில் ஆயுள் சிறை. மனைவி மரியா அவருக்குப் புத்தகங்கள் வரவழைக்கும் பெட்டி ஒன்று அந்தக் கோட்டைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. 1621-இல் ஒருநாள் அந்தப் பெட்டிக்குள் அவரையே படுக்க வைத்து மூடிவிட்டாள் அந்த அம்மா. காவல் வீரர்களே சுமந்துகொண்டுபோய்ப் படகில் ஏற்றினார்கள்.

விரட்டப்பட்டவர்கள் கூடித் தங்கள் சகோதரக் கூட்டமைப்பை ஆரம்பித்த இடம் எது தெரியுமா? இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப், கத்தோலிக்க ஊர்! அங்கிருந்த காலத்தில் அவர்கள் தலைவர் எபிஸ்கோபியஸ் விசுவாச அறிக்கை ஒன்றை எழுதினார். நாங்கள் நம்புவது இது, ஆனால் இதை யார் மனசாட்சிக்கும் சட்டமாக்க எழுதவில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். என் கணக்கில் சபை பிறந்தது அந்த முன்னுரையில்தான்.

கெடுபிடி தளர்ந்ததும் 1630-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆலயம் கட்டினார்கள், ஆனால் தெருவில் அது ஆலயமாகத் தெரியக்கூடாது. முன்பக்கம் சாதாரண வீடுகள், சுவரில் பழைய தொப்பிக் கடையின் சிவப்புத் தொப்பிக் கல். உள்ளே போனால் மாடங்களோடு பெரிய ஆராதனைக் கூடம். சகிப்புத்தன்மை பற்றி ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் எழுதிய கடிதம் 1689-இல் அச்சானதே, அது யாருக்கு எழுதியது? இந்தச் சபையின் இறையியல் பேராசிரியர் லிம்போர்க்குக்கு.

அப்புறம் நீண்ட அமைதி. 1986-இல் ஒருபால் தம்பதிகளின் உறவையும் ஆலயத்தில் ஆசீர்வதிக்கலாம் என்று முடிவெடுத்தார்கள், அப்போது உலகில் மிகச் சில சபைகளே அவ்வளவு தூரம் போயிருந்தன.

இன்று சில ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள். கட்டாய அறிக்கை வேண்டாம் என்கிற இந்தச் சபை 1621, 1940, 2006 என்று மூன்று அறிக்கைகள் எழுதியிருக்கிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை போல! கடைசி அறிக்கை ஆரம்பிப்பதே, நாங்கள் அறிக்கையிடுவதன் நிச்சயத்தில் எங்களுக்கு இளைப்பாறுதல் இல்லை, எங்களுக்கு அருளப்படுவதைக் கண்டு வியப்பதில்தான் இருக்கிறது என்ற பொருளில். அதற்கும் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.