கீழூரில் ஓட்டுப் போட்ட 178 பேர்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கம். இங்கிருந்து சைக்கிளை மிதித்தால் போய்விடலாம். ஆனால் 1954 வரைக்கும் புதுச்சேரியைப் பிரான்ஸ் ஆண்டது; எங்கள் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில் இரண்டு தேசங்களின் எல்லை இருந்தது. என் ஆயா கூடையில் கத்தரிக்காய் எடுத்துக்கொண்டு கடலூருக்கு வந்தால், அது இன்னொரு நாட்டுக்குப் போவது.

நான் ஆறாவது படிக்கும்போது, புதுச்சேரி மக்கள் ஓட்டுப் போட்டு இந்தியாவோடு இணைந்தார்கள் என்று படித்தேன். வீட்டுக்கு வந்து ஆயாவிடம், "நீ யாருக்கு ஓட்டுப் போட்ட?" என்று கேட்டேன். "ஓட்டா? எங்கள யாருடா கேட்டாங்க?" என்றாள். ஆயாவுக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் மறக்கவில்லை. அவளை உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை. அது எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

1948 ஜூன் மாதம் இந்திய அரசும் பிரெஞ்சு அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து இடங்களும் யாரோடு இருப்பது என்பதை அந்தந்த மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்பது அந்த உடன்பாடு. சந்திரநாகூரில் சொன்னபடி நடந்தது. 1949 ஜூனில் மக்கள் வாக்களித்தார்கள், மிகப் பெரும்பான்மையோடு இந்தியா என்றார்கள். 1950-இல் நிர்வாகம் கைமாறியது. மற்ற நான்கு இடங்களில் அந்த வாக்கெடுப்பு கடைசி வரை நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை? இதைச் சொல்ல வரும்போது நம் மேடைகளில் ஒரு தயக்கம் வருவதைப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரன் தடுத்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1948 அக்டோபரில் நகராட்சித் தேர்தல் நடந்தது. பிரான்சோடு இருக்க வேண்டும் என்ற எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி வென்றது. அப்புறம் சில வருடங்கள் புதுச்சேரித் தெருக்களில் நடந்ததை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "குண்டர் ராஜ்யம்" என்றே சொல்வார்கள். இணைப்பு என்று வாயைத் திறந்தால் அடி. 1950 ஜனவரியில் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவின் வீட்டையே கொளுத்தினார்கள். இணைப்புக்காக நின்ற பலர் ஊரைவிட்டு வந்து இந்தப் பக்கத்து ஊர்களில்தான் தங்கினார்கள். 1951-இல் நடுநிலை நாடுகளிலிருந்து பார்வையாளர்கள் வந்து பார்த்தார்கள். சுதந்திரமாக வாக்களிக்கும் சூழல் இங்கே இல்லை என்றுதான் அவர்கள் அறிக்கையும் சொன்னது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1949-இல் இந்திய அரசு பிரெஞ்சிந்தியாவோடு இருந்த சுங்க உடன்பாட்டை முடித்துக்கொண்டது. எல்லையில் சுங்கச் சாவடி வந்தது, சோதனை வந்தது, பிறகு பெர்மிட் வந்தது. நெருக்குதல் ஏற ஏற, வாக்கெடுப்பே வேண்டாம், நேராக ஒப்படையுங்கள் என்று டெல்லியின் பேச்சும் மாறியது. புதுச்சேரிப் பகுதியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே துண்டு நிலம் கிடையாது. தென்னார்க்காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் திட்டுத் திட்டான ஊர்கள். வீடு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். பெண் கொடுத்தது இந்தப் பக்கம், எடுத்தது அந்தப் பக்கம். அந்த நெருக்குதலின் வலியைப் பாரிஸில் இருந்தவன் பட்டதாக எனக்குத் தெரியவில்லை. கூடையைத் தலையில் வைத்திருந்த என் ஆயாதான் பட்டாள். நாடு சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்காக அவள் பட்டதை மறைக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

சரி, குபேருக்கு வருவோம். கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர்தான். பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்தான். 1951-இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகத் தேர்வானவர். பிரான்சின் பக்கம் அவரைப் போல உறுதியாக நின்ற தலைவர் இங்கே வேறு யாரும் இல்லை. அந்த மனிதர் 1954 மார்ச்சில் பக்கம் மாறினார். மார்ச் 18 அன்று புதுச்சேரிக் கொம்யூன்களின் (நகராட்சிகளின்) மேயர்கள், வாக்கெடுப்பு வேண்டாம், உடனே இந்தியாவோடு இணையுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். மாத முடிவில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. குபேரும் அவரோடு வந்தவர்களும் அங்கேயே ஒரு தற்காலிக அரசை அறிவித்தார்கள்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒருவருக்கு அவர் சந்தர்ப்பவாதி, இன்னொருவருக்கு விடுதலை வீரர். என் கருத்தைச் சொல்கிறேன். அவர் மனம் திருந்தி வந்தார் என்று நான் நம்பவில்லை. காலடியில் மண் சரிவது தெரிந்துதான் வந்தார். இந்தோசீனாவில், அதாவது இன்றைய வியட்நாம் பக்கத்தில், பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருந்தது. அந்த மே மாதம் 7-ஆம் தேதி அங்கே பிரெஞ்சுப் படையின் கோட்டையாக இருந்த தியன் பியன் பூ வீழ்ந்தது. புதுச்சேரி வீடுகளில் சைகோனுக்கு வேலைக்கும் பட்டாளத்துக்கும் போன ஆட்கள் ஏராளம். அங்கே நடந்த சேதி இங்கே திண்ணைக்கு வந்து சேர அதிக நேரம் ஆகாது. ஆனாலும் குபேர் மாறியதால் பெரிய ரத்தக்களரி இல்லாமல் காரியம் முடிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜூனில் ஏனாம் பிரான்சின் கையைவிட்டுப் போனது, ஜூலையில் மாகே போனது. பாரிஸில் பிரதமராக வந்த மெண்டெஸ் பிரான்ஸ் பேச்சுவார்த்தைக்கு வந்தார்.

அப்படித்தான் கீழூர் வருகிறது. 1954 அக்டோபர் 18. சட்டசபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் அந்தச் சின்ன ஊரில் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. மூன்று நாள் கழித்து டெல்லியில் உடன்படிக்கை. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். இந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர், நான் இப்போது சொன்ன அந்த அடிதடிக் காலத் தேர்தல்களில், பிரான்சோடு இருப்போம் என்ற கட்சிக்காரர்களாக வென்று வந்தவர்கள். இணைப்பைக் கேட்டு அடி வாங்கியவர்களுக்கும் ஊரைவிட்டு ஓடியவர்களுக்கும் அந்தக் கூட்டத்தில் பெரிதாக இடம் இல்லை. வரலாற்றில் "மக்கள் தீர்ப்பு" என்று எழுதப்பட்டது அந்த 178 பேர் போட்ட ஓட்டுதான். அன்றைக்கு ஊரெல்லாம் கேட்டிருந்தாலும் இந்தியா என்றுதான் வந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

எதிராக வாக்களித்த எட்டுப் பேரைத் துரோகிகள் என்று ஒரு மேடையில் சொல்லக் கேட்டேன். எனக்கு அது வருத்தமாக இருந்தது. 170 பேர் ஒரு பக்கம் போகும்போது, தான் எதைச் சொல்லி ஜெயித்து வந்தோமோ அதையே கடைசி வரை சொல்வதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும். அவர்கள் முடிவு தவறு என்று நான் சொல்வேன். அவர்களைத் துரோகிகள் என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கதையை 1954-இல் தொடங்குவதே தப்பு என்று நினைப்பவன் நான். 1936 ஜூலை 30-இலிருந்து தொடங்க வேண்டும். புதுச்சேரி சவானா ஆலையில், பிற்பாடு சுதேசி மில் என்று ஆனதே அதே ஆலையில், எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். அப்போது பாரிஸில் இருந்தது லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களின் ஓட்டில் வந்த அரசு. அந்த அரசின் காலத்திலேயே இங்கே அது நடந்தது. அந்த உயிர்களுக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. 1934-இல் "சுதந்திரம்" பத்திரிகை தொடங்கிய சுப்பையாவும் அந்த ஆலைத் தொழிலாளர்களும் வளர்த்த நெருப்புதான் பின்னால் இணைப்புப் போராட்டமாக எரிந்தது. இதையெல்லாம் நெட்டப்பாக்கத்துக்கு முந்திய வெறும் முன்னுரையாக ஆக்கிவிடுகிறோம். எனக்கு ஆறாத விஷயம் இது.

அப்புறம், நிர்வாகம் 1954-இல் வந்ததே தவிர, சட்டப்படி வரவில்லை. 1956 மே 28-இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 ஜூலை ஆனது. அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிராக நடந்த விடுதலைப் போர் முடியும் வரை அங்கே யாரும் இதைத் தொடத் துணியவில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி கைமாறியது. அதனால்தான் நவம்பர் 1 விடுதலை நாளா, ஆகஸ்ட் 16 விடுதலை நாளா என்று வெகுகாலம் சண்டை நடந்தது. 2014 முதல்தான் நவம்பர் 1-ஐ விடுதலை நாளாக அரசு கொண்டாடுகிறது. ஆகஸ்ட் 16-இல் கீழூரில் கொடி ஏற்றுகிறார்கள்.

அந்த 1956 ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. இந்தப் பகுதியின் நிலையை இனி மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்கிறது அது. 1979 ஜனவரியில் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கும் பேச்சு வந்தபோது ஊர் கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடு வரை போனது. அன்றைக்குத் தெருவுக்கு வந்தவர்கள் தமிழை வெறுத்தவர்கள் என்று இந்தப் பக்கம் இன்னும் சிலர் நினைக்கிறார்கள். இல்லை. நானும் தமிழன், என் ஆயாவும் தமிழச்சி. ஒரு முறை கேட்காமல் முடிவு செய்யப்பட்ட ஊர், மறுமுறை அப்படி நடக்க விடவில்லை. நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். 1954 அக்டோபரில் எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதி வருகிறேன். சாவடியில் சோதித்தது, பெர்மிட்டுக்கு நின்றது, சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில், இருந்த அண்ணன் தம்பி பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்தது எல்லாம் அதில் இருக்கிறது. கடலூர்ப் பக்கத்துக் கதைகள் மட்டும் மிகவும் குறைவு. எல்லையைத் தாண்டி வந்தவர்களைத் தங்க வைத்த வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் எண்பத்தைந்தைத் தாண்டிய பெரியவர் இருந்தால், இன்றைக்குப் போய்க் கேளுங்கள். நான் ஒன்பது மணி பஸ்ஸுக்குத்தான் கிளம்புவேன். அதுவரை இங்கேதான் இருப்பேன், வந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.