ஏட்டுக்கு முன்னே திரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'கைபுட்சு-குன், பிள்ளைகள் மனத்தில் நின்றது மாங்கா ஏட்டினாலா, திரையினாலா?' இதுதான் தலைப்பு. கைபுட்சு-குன் ஒரு ஜப்பானியச் சித்திரக்கதை, அந்த நாட்டுச் சித்திரக்கதையைத்தான் மாங்கா என்பார்கள். ஏட்டினாலேதான் என்று எதிரணித் தலைவி அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். 1965-இல் அபிகோ மோட்டோ பெற்றெடுத்த பிள்ளையாம், திரை வெறும் வளர்ப்புத் தாயாம். சரி அம்மா, பெற்றவர் யார் என்றே பார்த்துவிடுவோம்.

கதை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் நிஞ்சா ஹட்டோரியைப் படைத்தவரும் இதே அபிகோதான். கைபுட்சு-குன் கதையில் பூதங்களின் நாட்டு இளவரசன் மனிதர்கள் ஊரில் குடியேறுகிறான். பக்கத்துக் குடியிருப்பில் அக்காவோடு இருக்கும் ஹிரோஷி என்ற பையன் அவனுக்குக் கூட்டாளி. பணிவிடைக்கு மூன்று பேர். ரத்தத்துக்குப் பதில் தக்காளிச் சாறு குடிக்கும் டிராகுலா, அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் ஓநாய் மனிதன், அப்புறம் ஃப்ராங்கன். இத்தனை பூதங்களை அதட்டி மேய்க்கும் இளவரசனுக்கு இடி இடித்தால் போதும், குலைநடுக்கம்!

அந்த ஃப்ராங்கனைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். 1818-இல் மேரி ஷெல்லி எழுதிய 'ஃப்ராங்கன்ஸ்டைன்' நாவலில் அந்தப் படைப்பு ஆங்கிலக் கவி மில்டனைப் படிக்கும், தன்னைப் படைத்தவனிடம் பக்கம் பக்கமாக நியாயம் கேட்கும். இந்த மேடையில் ஏற்றினால் நம் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதன் வாயைக் கட்டிப்போட்டு, தலையைத் தட்டையாக்கி, உறுமலை மட்டும் விட்டுவைத்தது 1931-இல் வந்த ஹாலிவுட் படம். அபிகோவின் ஃப்ராங்கனோ 'ஃபுங்கா' என்பதைத் தவிர வேறு பேசுவதில்லை. நடுவர் அவர்களே, இந்த ஃப்ராங்கன் நாவலின் வாரிசா, சினிமாவின் வாரிசா? அபிகோ தீராத சினிமாப் பித்தர். கொட்டகையில் பார்த்ததைத்தான் ஏட்டில் இறக்கினார். பெற்றவர் யார் என்பது இப்போது விளங்குகிறதா?

படைத்தவருக்கு அசையும் படத்தின்மேல் எவ்வளவு ஆசை என்பதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. 1963-இல் தோழர்களோடு சேர்ந்து ஸ்டூடியோ ஜீரோ என்று ஓர் அனிமேஷன் நிறுவனத்தையே தொடங்கினார் அவர். 1968-இல் கைபுட்சு-குன் கருப்பு வெள்ளையில் தொலைக்காட்சிக்கு வந்தபோது, டோக்கியோ மூவி என்ற நிறுவனத்தோடு கைகோத்து அதைத் தயாரித்ததும் ஸ்டூடியோ ஜீரோவே. ஏடே போதும் என்று அவர் நினைத்திருந்தால் இந்த வேலைக்கு ஏன் போகிறார்?

இளவரசனின் வித்தைக்கு வருகிறேன். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்ப்பான், வேறு முகம் வந்துவிடும். ஏட்டில் ஒரு கட்டத்தில் பழைய முகம், அடுத்த கட்டத்தில் புது முகம். வேடிக்கை நடப்பதோ இரண்டுக்கும் நடுவில், கை தேய்த்துக்கொண்டிருக்கும் அந்த நொடியில்! அதை முழுசாகக் காட்டியது அனிமேஷன்தான். 'பிள்ளை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும்' என்றார் எதிரணித் தலைவி. நிரப்பட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் முகத்தைத் தேய்த்து விளையாட ஒரு பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டுமானால், தேய்த்துக் காட்டுவதுதானே சுலபம்?

கடைசியாக, 2010-இல் வந்த நாடகத் தொடர். அராஷி என்ற பாப் இசைக் குழுவின் ஓனோ சடோஷி இளவரசன், தென்கொரியச் சண்டை வீரர் சோய் ஹாங்-மான் ஃப்ராங்கன். இரண்டு மீட்டரைத் தாண்டிய அந்த ஆள் வாசலில் வந்து நின்றாலே அவை சிரித்துவிடும், வசனம் எதற்கு? ஆனால் எதிரணி பிடித்துக்கொண்டது ஓனோவின் வயதை. '29 வயது ஆம்பளை சின்னப் பையனாக நடிக்கலாமா?' என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்கள். நடிக்கலாம். அந்தத் தொடரில் இளவரசன் பிடிவாதக்காரன். முடிசூட்ட லாயக்கில்லை என்று அப்பாவே மனிதர்களிடம் பயிற்சிக்கு அனுப்பிவிடுகிறார். வளர்ந்த ஆள் குழந்தை மாதிரி அடம்பிடித்தால்தான் அந்தப் பிடிவாதம் எவ்வளவு அபத்தம் என்று தெரியும். 2011-இல் வந்த முப்பரிமாணப் படத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், அதற்கு நான் வக்கீல் இல்லை.

வயதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 1980-இல் தொடங்கிய வண்ணத் தொடரில் இளவரசனுக்குக் குரல் கொடுத்தவர் நோசாவா மசாகோ. பின்னாளில் டிராகன் பால் அனிமேஷன் தொடரின் நாயகன் கோகுவாகப் பேசியவரும் அவரே. அப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. நாற்பதைத் தாண்டிய அந்தப் பெண்மணியின் குரலைச் சிறுவன் குரலாகவே எடுத்துக்கொண்டு ஜப்பானியப் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகள் ரசித்தார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.