போவி: விற்ற பாட்டும் விடைபெற்ற பாட்டும்

வணக்கம் நேயர்களே.

2016 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு நான் எழுதிய ஒரு குறிப்பு என் நோட்டில் இருக்கிறது. முந்தின நாள் வெளியான, பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் ‘பிளாக்ஸ்டார்’ ஆல்பத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டு எழுதியது. நாலே வாக்கியம். “சாக்ஸபோன் பிரமாதம். டிரம்ஸ் அதைவிடப் பிரமாதம். வரிகள் பிடிபடவில்லை. இரண்டாவது பாட்டின் தொடக்கத்தில் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறார்?”

திங்கட்கிழமை மதியவாக்கில் செய்தி வந்தது. டேவிட் போவி நியூயார்க்கில் காலமாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையே போயிருக்கிறார். பதினெட்டு மாதம் புற்றுநோயோடு இருந்திருக்கிறார். நெருங்கிய சிலரைத் தவிர வெளியில் யாருக்கும் தெரியாது. ஆல்பம் வெளியானது அவருடைய 69ஆவது பிறந்த நாளில். அதிலிருந்து இரண்டே நாள்.

அன்று இரவு அதே பாட்டுகளை மறுபடி போட்டேன். மூன்றாவது பாட்டு ‘லாசரஸ்’. மேலே பாருங்கள், நான் சொர்க்கத்தில் இருக்கிறேன் என்று தொடங்குகிறார். சனிக்கிழமை அது ஏதோ ஒரு கற்பனைப் பாத்திரத்தின் பேச்சாகத்தான் என் காதில் விழுந்தது. திங்கட்கிழமை அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

அந்தக் குறிப்பை நான் அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. போவியின் ரசிகர்களுக்குள் முப்பது நாற்பது வருடமாக ஓயாமல் நடக்கிற ஒரு வாதம் உண்டு. அதில் நான் பேச வேண்டுமென்றால் என் கையில் இருக்கிற ஒரே நேர்மையான சாட்சி அதுதான்.

வாதம் இதுதான். 1983இல் ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பம் வந்தபோதே போவி விலைபோய்விட்டார் என்பது ஒரு கட்சி. எழுபதுகளில் ஒவ்வொரு வருடமும் ஒரு புது ஆளாக வந்து நின்றவர், பெர்லின் நாட்களில் ‘லோ’, ‘ஹீரோஸ்’ என்று யாரும் கேட்டிராத ஒலிகளைக் கொடுத்தவர், தலைமுடியை மஞ்சளாக்கிக் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு நடன மேடைக்கு வந்துவிட்டார் என்பது அவர்கள் ஆற்றாமை. அதற்குப் பிறகு உருப்படியாக ஒன்றுமில்லை, கடைசியில் சாவுதான் அவரை மறுபடி கலைஞனாக்கியது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த ‘லெட்ஸ் டான்ஸ்’ வழியாகவே போவியிடம் வந்து சேர்ந்தவர்கள். நானும் அந்த வாசல் வழியாக வந்தவன்தான். துபாயில் வேலை பார்த்த அத்தான் ஒருவர் 1984இல் கொண்டுவந்த கேசட். நாடா தேய்ந்து, முதல் பாட்டில் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல ஆகும்வரை கேட்டேன். ஆகவே எனக்கு இதில் பட்சபாதம் உண்டு. அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன்.

‘லெட்ஸ் டான்ஸ்’ எப்படி உருவானது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். தயாரிப்பாளர் நைல் ராட்ஜர்ஸ், ‘ஷிக்’ என்ற டிஸ்கோ குழுவின் கிட்டார்காரர். 1979இல் அமெரிக்காவில் டிஸ்கோவுக்கு எதிராகப் பெரிய வெறுப்பு கிளம்பியது. சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தே தகர்த்தார்கள். அதோடு ஷிக் குழுவின் ஹிட்டுகள் நின்றன. 1982இல் இசைத்தொழிலைப் பொறுத்தவரை ராட்ஜர்ஸ் காலம் முடிந்துபோன ஆள். பணம் மட்டுமே குறி என்றால் போவி போய் நின்றிருக்க வேண்டிய வாசல் அதுவல்ல.

சுவிட்சர்லாந்தில் போவி ஒரு பன்னிரண்டு தந்தி கிட்டாரை எடுத்துக்கொண்டு ராட்ஜர்ஸிடம் வந்து ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை வாசித்துக் காட்டினார். இது ஹிட்டாகும் என்று நினைக்கிறேன் என்றாராம். ராட்ஜர்ஸ் காதுக்கு அது ஒரு நாட்டுப்புறப் பாட்டு. ஆட்டத்துக்கான சுவடே அதில் இல்லை. இன்னொரு நாள் போவி ஒரு புகைப்படத்தைக் காட்டினார். சிவப்பு சூட்டில் ஐம்பதுகளின் ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்ட், சிவப்பு காடிலாக் காரில் ஏறப்போகிறார். என் ரெக்கார்டு இந்தப் படம் மாதிரி ஒலிக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு. ராட்ஜர்ஸ் புரிந்துகொண்டார். மீட்டிக்கொண்டே போன கிட்டாரை வெட்டி வெட்டி எடுத்து, இடையிடையே காலி இடம் விட்டு, அந்தக் காலி இடத்தில் எதிரொலியைத் தவழவிட்டார். அடுத்த முறை கேட்கும்போது கிட்டார் ஒலிக்கும் இடத்தை விடுங்கள், ஒலிக்காத இடத்தைக் கவனியுங்கள். கால் ஆடுவது அங்கேதான்.

பாட்டின் முடிவில் எரிகிற மாதிரி ஒரு கிட்டார் வரும். வாசித்தவர் ஸ்டீவி ரே வான், டெக்சாஸ் புளூஸ்காரர். 1982இல் மோன்ட்ரோ ஜாஸ் விழாவில் அவர் வாசித்தபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டு எதிர்த்தது. போவி அதே கச்சேரியைக் கேட்டுவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டார். அப்போது வான் பெயரில் ஒரு ஆல்பம்கூட வெளியாகியிருக்கவில்லை.

நியூயார்க்கில் 17 நாளில் மொத்த ஆல்பமும் முடிந்தது. அதில் போவி ஒரு வாத்தியத்தைக்கூடத் தொடவில்லை. பாடினார், மற்றதைப் பிறர் கையில் கொடுத்தார். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்கிற ரசிகர்கள் உண்டு. எனக்கு இதுதான் அந்த மனிதரின் முழுத் திறமையாகத் தெரிகிறது. யார் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கிற காது. கூட்டம் கூச்சலிட்ட இடத்தில் அவர் கேட்டார், தொழில் கைவிட்ட ஆளிடம் அவர் கேட்டார்.

வரிகளையும் பார்க்க வேண்டும். ஆடுவோம் வா என்று அழைக்கிற பாட்டு, அடுத்த மூச்சில் இந்த ஓர் இரவோடு எல்லாம் முடிந்துவிடுமோ என்று அஞ்சுகிறது. அதற்கான வீடியோவை ஆஸ்திரேலியாவில் கரிண்டா என்ற சிற்றூரின் மதுக்கடையில் எடுத்தார்கள். அதன் நாயகனும் நாயகியும் அந்த மண்ணின் ஆதிகுடி இளைஞர்கள். அவர்களை நகரத்துத் தெருவில் பாரம் இழுக்க வைத்து, சிவப்புக் காலணியைக் காட்டி ஆசைப்பட வைக்கிறது அந்த வீடியோ. கடைசியில் அந்தக் காலணியைக் காலால் மிதித்துப் போட்டுவிட்டு அவர்கள் நடந்துபோகிறார்கள். அதே 1983இல் எம்டிவி பேட்டியில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் சேனலில் கறுப்பினக் கலைஞர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று போவி பேட்டியாளரையே விடாமல் கேட்டார். விலைபோனவர் செய்கிற வேலையா இது?

விற்றது உண்மை. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல். உலகச் சுற்றுப்பயணத்தில் 96 கச்சேரிகள், டிசம்பரில் ஹாங்காங்கில் முடிந்தது. கோளாறு அங்கேதான் தொடங்கியது, ஆல்பத்தில் அல்ல. எதிரே உட்கார்ந்திருந்த பெருங்கூட்டம் தனக்கு அன்னியமாகிவிட்டதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொன்னார். தெரியாத அந்தக் கூட்டத்துக்கு என்ன பிடிக்கும் என்று ஊகிக்க ஆரம்பித்தார். 1984இல் அவசரமாக வந்த ‘டுநைட்’ ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. தனியாக அவரே புதிதாக எழுதியது இரண்டு. 1987இல் ‘நெவர் லெட் மீ டவுன்’. தன் வாழ்க்கையின் அடிமட்டம் அதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த ஆல்பத்தை மட்டும் அப்படியே தூக்கிப்போட எனக்கு மனமில்லை. ‘டைம் வில் கிரால்’ என்று அதில் ஒரு பாட்டு. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது போவி சுவிட்சர்லாந்தில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தார். ஒலிப்பதிவாளர் வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருக்க, நச்சு மேகம் ஐரோப்பாவுக்குள் நகர்ந்து வருவது தெரியவந்தது. வசந்த காலம், நல்ல வெயில், தலைக்கு மேலே அந்த மேகம். அதிலிருந்து பிறந்த பாட்டு அது. எண்பதுகளின் டம் டம் என்ற எதிரொலி டிரம்ஸ் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பாட்டையே மறைத்துவிட்டது. 2008இல் போவி அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் டிரம்ஸை மாற்றிப் புதிதாகக் கலக்கச் செய்தார். அவர் மறைந்த பிறகு, 2018இல், முழு ஆல்பத்துக்கும் அவருடைய குரலை வைத்துக்கொண்டு வேறு கலைஞர்கள் புதிதாக வாசித்து வெளியிட்டார்கள். ரசிகர்கள் இதிலும் இரண்டுபட்டார்கள். போனவரின் வேலையில் கைவைக்கலாமா என்கிறார்கள் ஒரு பக்கம். எனக்கு அந்தக் குரல் மூச்சுவிட இடம் கிடைத்ததாகவே தோன்றுகிறது.

இடைப்பட்ட காலத்தை வேகமாகவே கடக்கிறேன். தன் பெயரைப் பின்னுக்குத் தள்ளி ‘டின் மெஷின்’ என்ற குழுவில் ஒருவராக நின்றார். 1995இல் இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவோடு சேர்ந்து ‘அவுட்சைட்’ என்ற இருண்ட கதை ஆல்பம். அந்த அமெரிக்கப் பயணத்தில் அதே மேடையில் முன்னதாக வாசித்த நைன் இன்ச் நெயில்ஸ் குழுவைப் பார்க்க வந்த இளைஞர்கள் பலர், போவி மேடைக்கு வந்ததும் எழுந்து போனார்கள். இருந்தவர்களோ பழைய ஹிட்டுகளைக் கேட்டார்கள், அவர் பெரும்பாலும் பாடவில்லை. கூட்டத்தை ஊகிப்பதை விட்டுவிட்ட மனிதரை அங்கே பார்க்கலாம். 2004இல் ஜெர்மனியில் ஒரு கச்சேரிக்குப் பிறகு இதய ரத்தக்குழாய் அடைப்புக்குச் சிகிச்சை நடந்தது. பிறகு நீண்ட மௌனம். 2013இல், தன் 66ஆவது பிறந்த நாளன்று, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு பாட்டு வெளியிட்டார். இரண்டு வருட ஒலிப்பதிவு வெளியில் கசியவே இல்லை. இந்தக் காலத்தில் அப்படி ஒரு ரகசியம்!

இனி கடைசி ஆல்பம். 2014இல் நியூயார்க்கில் 55 பார் என்ற சின்ன இடத்துக்குப் போய் டானி மெக்காஸ்லின் என்ற சாக்ஸபோன்காரரின் ஜாஸ் குழுவைக் கேட்டார் போவி. பிடித்துப்போயிற்று. நால்வர் குழுவை அப்படியே தன் ஆல்பத்துக்கு அழைத்தார். டிரம்ஸ் மார்க் குலியானா. அவர் கை வேலையைத்தான் சனிக்கிழமை இரவு நான் குறித்துவைத்தேன். 1982இல் மோன்ட்ரோவில் நடந்ததே மறுபடி நடந்திருக்கிறது, பாருங்கள். போய்க் கேட்கிறார், கேட்டதை நம்புகிறார், நம்பியவர்களை வாசிக்க விடுகிறார். நடன ஆல்பமும் ஜாஸ் ஆல்பமும் ஒரே கையின் வேலை. இதை ஒப்புக்கொள்ளாமல் ஒன்றை வியாபாரம், மற்றொன்றைக் கலை என்று பிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு கணக்கும் சொல்கிறேன். வியாபாரச் சரக்கு என்று வசை வாங்கிய ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பம் அமெரிக்காவில் நான்காம் இடத்தைத் தாண்டவில்லை. ஆல்பம் பட்டியலில் அங்கே அவர் முதலிடம் பிடித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. ‘பிளாக்ஸ்டார்’ கொண்டு. அதுவும் அவர் கண்மூடிய பிறகு.

சாவுதான் அந்த ஆல்பத்தை உயர்த்தியது என்பவர்களிடம் என் நோட்டைக் காட்டுவேன். சாக்ஸபோனும் டிரம்ஸும் பிரமாதம் என்று சனிக்கிழமையே எழுதியிருக்கிறேன். இசை இசைதான். ஆனால் அந்த மூச்சு வாங்கலை நான் புரிந்துகொள்ளவில்லை என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

‘பிளாக்ஸ்டார்’ ஆல்பத்தை விடைபெறும் பரிசு என்று சொன்னவர் அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. 1960களிலிருந்து போவியோடு வேலை செய்தவர். அதே விஸ்கான்டி இன்னொன்றும் சொன்னார். இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு போவி அழைத்திருக்கிறார். ஐந்து புதுப் பாட்டுகளுக்கு மாதிரி பதிவு செய்து வைத்திருக்கிறேன், இன்னொரு ஆல்பம் செய்வோம் என்றிருக்கிறார். இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ‘பிளாக்ஸ்டார்’ ஆல்பத்தை மரண சாசனமாக மட்டும் என்னால் கேட்க முடிவதில்லை.

அதன் கடைசிப் பாட்டில் ஒரு மவுத் ஆர்கன் வருகிறது. எங்கேயோ கேட்ட மெட்டாக இருக்கிறதே என்று நெடுநாள் ரசிகர்கள் உடனே கண்டுகொண்டார்கள். 1977இல் ‘லோ’ ஆல்பத்தில், பெர்லின் நாட்களில் வந்த பாட்டின்றி இசை மட்டுமே உள்ள ஒரு துண்டு அது. அந்தத் துண்டுக்கு அன்று அவர் வைத்த பெயர், புது ஊரில் ஒரு புது வேலை.

நன்றி. வணக்கம்.