ஓட்டு கேட்கப் போறீங்களா? வாசல்ல பட்டிமன்றம் வேண்டாம்

வணக்கம் மக்களே! "உள்ளூர் வேட்பாளர் ஒருத்தருக்காகத் தன்னார்வலரா வீடு வீடாப் போகப் போறேன், என்ன பேசணும்?"னு சில பேர் கேட்டிருந்தீங்க. பேச்சைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, அதான் முதல் விஷயம்.

புதுசா வர்றவங்க பட்டிமன்றத்துக்குக் கிளம்புற மாதிரி பாயிண்டெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க. எதிர்த்தரப்பு ஆளு ஒருத்தர் கதவைத் திறந்தாப் போச்சு, அரைமணி நேரம் அங்கேயே காலி. அவரும் மாற மாட்டார். கல்லா, புரூக்மேன்னு ரெண்டு அரசியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவுல நடந்த 49 கள ஆய்வுகளை வச்சு 2018-ல ஒரு கட்டுரை போட்டாங்க. பொதுத்தேர்தல்ல பிரசாரத்தால யாருக்கு ஓட்டுங்கிற முடிவு மாறுறது, சராசரியாப் பார்த்தா பூஜ்யமாம்!

அப்போ எதுக்குப் போகணும்? ஆளை ஓட்டுச்சாவடிக்கு வரவைக்க. 1998-ல அமெரிக்காவோட நியூ ஹேவன் நகரத்துல கெர்பர், கிரீன்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய 30,000 வாக்காளர்களை வச்சுச் சோதிச்சாங்க. யார்கிட்ட நேர்ல போய்ப் பேசினாங்களோ, அவங்க மத்தியில வாக்குப்பதிவு நல்லாவே கூடுச்சு. போன் போட்டதுக்குப் பலனே தெரியலை. ஆனா ஒண்ணு, அது கட்சி சார்பில்லாம 'ஓட்டுப் போடுங்க'ன்னு மட்டும் சொன்ன பிரசாரம்.

அதனால வாசல்ல சுருக்கமா இருங்க. பெல் அடிச்சதும் ரெண்டடி பின்னாடி வந்து நில்லுங்க. பேரு, யாருக்காக வந்திருக்கீங்க, அவ்வளவுதான். அப்புறம், "இந்தப் பகுதியில எது முதல்ல சரியாகணும்னு நினைக்கிறீங்க?"னு கேட்டுட்டு வாயை மூடிக்கணும். கஷ்டம்தான், ஆனா மூடிக்கணும். வேட்பாளர் சார்பா நீங்களா எந்த வாக்குறுதியும் கொடுக்காதீங்க. தெரியாததைக் கேட்டா, "விசாரிச்சுச் சொல்றேன்"னு எழுதிக்கோங்க, நிஜமாவே விசாரிங்க. திட்டினா நன்றி சொல்லிட்டு நடையைக் கட்டுங்க, கேட்டைச் சாத்திட்டு. நிறைய வீட்டுல ஆளே இருக்க மாட்டாங்க, அதுக்குச் சோர்ந்து போகாதீங்க.

இப்போ கையில கொண்டு போற வாக்காளர் பட்டியலுக்கு வருவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த நாலுல ஒண்ணைக் குறிக்கணும்: ஆதரவு, யோசிக்கிறார், எதிர்ப்பு, ஆள் இல்லை. ஒவ்வொரு வாசலை விட்டு நகரும்போதே குறிச்சிடணும், தெரு முடிஞ்சப்புறம் குறிச்சா எல்லா வீடும் கலந்துடும். இதுல ஒரு பொல்லாத விஷயம் இருக்கு. சிரிச்சுத் தலையாட்டினவங்களை எல்லாம் 'ஆதரவு'ல போட்டுடுவோம். மரியாதைக்காரங்க வர்ற எல்லாக் கட்சிக்கும்தான் தலையாட்டுவாங்க! வாயைத் திறந்து "அவருக்குத்தான் போடுவேன்"னு சொன்னாத்தான் ஆதரவு. வெறும் தலையாட்டலெல்லாம் 'யோசிக்கிறார்'. வாக்குப்பதிவு அன்னிக்கு இந்தப் பட்டியலை வச்சுத்தான் ஆளைக் கூப்பிடுவாங்க. தப்பாக் குறிச்சா, எதிராளி ஓட்டை நாமளே ஞாபகப்படுத்தி அனுப்பி வச்ச கதையாயிடும்.