வெட்டிய கிறிஸ்துமஸ் மரம் வாடாமல் இருக்க என்ன செய்வது?

பிராம்ப்டனிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "கனடா வந்த பிறகு இந்த வருடம்தான் முதல் தடவையாக நிஜ மரம் வாங்கப் போகிறோம். ஊரில் சவுக்கு மரத்தை வாளியில் ஈர மணல் போட்டு நட்டு வைப்போம். இங்கேயும் அப்படியே வைக்கலாமா? தண்ணீரில் சர்க்கரை போடு, ஆஸ்பிரின் போடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூன்று ராஜாக்கள் திருவிழா வரை மரம் தாங்குமா?"

முதலில் மணல் வாளி. சவுக்கை நாம் பண்டிகைக்கு நாலைந்து நாள் முன்னால் வெட்டி வருவோம், புது வருடம் தாண்டினால் அது பழுத்துவிடும், யாரும் கவலைப்பட மாட்டோம். இங்கே கதை வேறு. ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் நாலு வாரம் நிற்க வேண்டும். இங்கே கிறிஸ்துமஸுக்கு விற்கிற ஃபிர் என்ற ஊசியிலை மரம் ஏழடி உயரம் இருந்தால் முதல் நாளிலேயே மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கக்கூடும். ஈர மணல் அந்த அளவுக்குக் கொடுக்காது. அதனால் மணல் வேண்டாம், தண்ணீர் நிற்கிற ஸ்டாண்டுதான் வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மரம் கடைக்கு வரும் முன்பே வெட்டப்பட்டு நாட்கள் ஆகியிருக்கும். வெட்டிய இடத்தில் பிசின் வடிந்து காய்ந்து அடைத்திருக்கும். அதை அப்படியே தண்ணீரில் வைத்தால் மரம் சரியாக உறிஞ்சாது. அடிப்பக்கம் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை புதிதாக அறுத்து எடுத்துவிட வேண்டும். மரம் விற்கிற பல இடங்களில் கேட்டால் அங்கேயே அறுத்துத் தருவார்கள். ஆனால் அறுத்ததிலிருந்து ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் மரம் தண்ணீரில் நிற்க வேண்டும். வாங்கி இரண்டு நாள் கராஜில் போட்டு வைக்கப் போகிறீர்கள் என்றால் கடையில் அறுக்கச் சொல்லாதீர்கள். உள்ளே கொண்டுவரும் அன்றைக்கு நீங்களே கைரம்பத்தால் அறுத்துக்கொள்ளுங்கள்.

அறுக்கும்போது நேராக அறுங்கள். பூங்கொத்துக்குச் சாய்வாக வெட்டுகிற பழக்கத்தில் இதையும் சாய்வாக அறுக்கிறவர்கள் உண்டு. அப்படி அறுத்தால் மரம் ஸ்டாண்டில் நேராக நிற்காது, அறுத்த பரப்பில் பாதி தண்ணீருக்கு மேலே நின்றுவிடும். அடியில் துளை போடுவதாலும் பயன் இல்லை. இன்னொன்று, ஸ்டாண்டு சின்னதாகப் போய்விட்டது என்று அடிமரத்தைச் சுற்றிச் சீவித் தள்ளுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர் மேலே ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி வழியாகத்தான். அதைச் சீவிவிட்டால் எவ்வளவு ஊற்றியும் வீண். பெரிய ஸ்டாண்டு வாங்குங்கள்.

எவ்வளவு பெரிது? அடிமரத்தின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் என்று கணக்கு. நாலு அங்குல மரத்துக்கு நாலு லிட்டர். பெட்டியில் 'நாலு லிட்டர்' என்று போட்டிருப்பது காலி ஸ்டாண்டின் அளவு. மரத்தை உள்ளே இறக்கினால் அதன் பருமனும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பல ஸ்டாண்டுகளில் அடியில் ஒரு முள் இருக்கும், மரம் அதன்மேல் கொஞ்சம் தூக்கி உட்காரும். அறுத்த பரப்புக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் மரத்துக்கு அது எட்டாது. குனிந்து பார்த்துவிட்டு "தண்ணீர் இருக்கிறதே" என்று நாம் எழுந்து வந்துவிடுவோம், மரம் காய்ந்துகொண்டிருக்கும். மரத்தை நிறுத்தும்போதே அந்தப் பரப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, ஸ்டாண்டின் உள்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் போகவே கூடாது. முதல் வாரம் காலையும் மாலையும் விரலை விட்டுப் பாருங்கள். அலங்காரத் துணி ஸ்டாண்டை மறைத்துவிடும் என்பதால்தான் பல வீடுகளில் இதை மறந்துபோகிறார்கள்.

மரம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றுவிட்டால் அடிப்பக்கம் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். திரும்ப அறுப்பதுதான் வழி. நட்சத்திரமும் லைட்டும் மாட்டிய பிறகு அதை யார் செய்வார்கள்?

சர்க்கரை, ஆஸ்பிரின், ப்ளீச், சோடா எதுவும் வேண்டாம். வெறும் குழாய்த் தண்ணீர் போதும். கிறிஸ்துமஸ் மரங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேரி சாஸ்டக்னர் போன்றவர்கள் சொல்வதும் இதையேதான். வீட்டில் பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் அந்தத் தண்ணீரில் வாய் வைக்கும், அதையும் யோசியுங்கள். வெந்நீரா பச்சைத்தண்ணீரா என்பதும் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து இடம். இங்கே பல வீடுகளில் ஹீட்டர் காற்று வருகிற வென்ட் தரையில், ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கும். நாமோ தெருவில் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று மரத்தைச் சரியாக அந்த ஜன்னல் முன்னால்தான் வைப்போம். ராத்திரி பூராவும் சூடான வறண்ட காற்று கீழ்க்கிளைகளில் அடிக்கும். மரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு வென்ட்டை மட்டும் மூடிவிடுங்கள். ஃபயர்பிளேஸ் பக்கம் வேண்டவே வேண்டாம்.

இலை பச்சையாக இருக்கும்போதே ஏன் கொட்டுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் ட்ரூரோ நகரில் ராஜசேகரன் லாடா என்ற ஆய்வாளரின் குழுவினர் பால்சம் ஃபிர் என்ற ஃபிர் வகையின் கிளைகளை வைத்து இதை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். வெட்டிய கிளை எத்திலீன் வாயுவை வெளிவிடுகிறது, அதுதான் இலையை விடச்சொல்லிக் கிளைக்கு உத்தரவு போடுகிறது. வைக்கோலில் போட்ட மாங்காயைப் பழுக்க வைப்பதும் இதே எத்திலீன்தான். ஆய்வகத்தில் எத்திலீனைத் தடுத்தபோது இலைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் நின்றன. வீட்டில் நம்மால் அதைத் தடுக்க முடியாது. மரத்தைத் தவிக்க விடாமல் தண்ணீர் காட்டுவதுதான் நம் கையில் இருக்கிறது.

எந்த மரம் என்பதும் முக்கியம். ஃப்ரேசர் ஃபிர் இலையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், விலை கொஞ்சம் கூட. பால்சம் ஃபிர் வாசனைக்கு. ஸ்ப்ரூஸ் என்ற இன்னொரு ஊசியிலை மரத்தை வாங்கினால் சீக்கிரம் கொட்டும், அதைத் தெரிந்தே வாங்குங்கள். கடையில் ஒரு கிளையைப் பிடித்து உங்கள் பக்கமாக உருவிப் பாருங்கள். பச்சை இலை கையோடு வந்தால் அந்த மரம் வேண்டாம். நடுவில் பழுப்பு இலைகள் கொஞ்சம் உதிர்ந்தால் பயமில்லை, அது பழைய இலை, உலுக்கிவிட்டால் போய்விடும்.

சரி, மூன்று ராஜாக்கள் திருவிழா, அதாவது ஜனவரி 6. நவம்பர் கடைசியில் வாங்கினால் ஆறு வாரம், வீட்டுக்குள் அது அதிகம். டிசம்பர் 8, 10 வாக்கில் வாங்குங்கள். நாலு வாரம் ஒரு நல்ல ஃபிர் தாராளமாகத் தாங்கும்.

லைட்டு எல்ஈடியாக இருக்கட்டும், சூடு குறைவு. தூங்கும்போதும் வெளியே போகும்போதும் அணைத்துவிடுங்கள். அமெரிக்க அரசின் தர, தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான நிஸ்ட் (NIST) காய்ந்த ஸ்காட்ஸ் பைன் மரத்தில் தீ வைத்துச் சோதித்த வீடியோ இருக்கிறது, ஒரு நிமிடத்துக்குள் மரம் முழுக்கப் பற்றிக்கொள்கிறது. தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் மரம் அப்படி எளிதில் பற்றாது. ஆகவே கையால் தடவினாலே இலை கொத்தாக உதிர்கிறது என்றால், 6ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது முதலில் ஸ்டாண்டில் மிச்சமிருக்கும் தண்ணீரை ஒரு குவளையால் மொண்டு எடுங்கள். கீழே பழைய பெட்ஷீட் விரித்து, அடிமரம் முன்னால் போகிற மாதிரி வாசலைத் தாண்டுங்கள், கிளைகள் மடங்கிக்கொள்ளும், உதிர்வது குறையும். ஜனவரியில் பெரும்பாலான நகராட்சிகள் வாசலில் வந்து எடுத்துக்கொள்கின்றன, தேதியை உங்கள் நகராட்சியின் தளத்தில் பாருங்கள். ஜிகினா, கொக்கி, பிளாஸ்டிக் பை எதுவும் மரத்தில் இருக்கக் கூடாது. ஃபயர்பிளேஸில் வெட்டிப் போட்டு எரிக்க வேண்டாம், அந்தப் பிசின் குபீரென்று பிடிக்கும்.